ஒரு சொட்டும் சிந்தாமல்

மீன் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றுவது ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. போன வாரம் போனில், "அண்ணா, அப்பாவோட தொட்டிய நானே எடுத்துட்டுப் போறேன். ஆனா வாடகை வீடு. ஹால் பூரா ஈரமாக்காம எப்படித் தண்ணி மாத்துறதுன்னு எழுதி அனுப்பு" என்று கேட்டாய். அதனால்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லியிருக்கலாம். குரலில் என்றால் பாதியில் நிறுத்திவிடுவேன், எழுதினால் முழுதாகச் சொல்வேன் என்று தோன்றியது.

முதலில் வாளியை மறந்துவிடு. எல்லாக் கூத்துக்கும் வாளிதான் காரணம். அப்பா பதினோரு வருடம் குவளையால் மொண்டு மொண்டு வாளியில் ஊற்றித்தான் மாற்றினார். பழைய வீடு சிமெண்டுத் தரை, சிந்தினால் சிந்தட்டும். என் வீடு அப்படியில்லை. பலகைத் தரை போடுவது என் தொழில் என்பது உனக்குத் தெரியும். என் ஹாலை முட்டி தேய நானே போட்டேன். வாடிக்கையாளர்களை வீட்டுக்கு அழைத்து வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்க்கச் சொல்வேன். பாதிப் பேர் நடந்து முடிப்பதற்குள் சரி என்றுவிடுவார்கள். வேறு விளம்பரம் எனக்குக் கிடையாது.

பலகைக்கு எதிரி தண்ணீர். மேலே நின்றால் பரவாயில்லை, துடைத்துவிடலாம். சுவரோரத்து இடைவெளியில் இறங்கிவிட்டால் அடியில் ஊறி, பலகை அப்பளம் மாதிரி உப்பிவிடும். அதனால் எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீர் கொட்டினால் முதலில் நாலு சுவரோரமும் துடைக்க வேண்டும், நடுப்பகுதி கடைசியில். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே கைக்கு வந்துவிடும், பிறகு யோசிக்கவே வேண்டாம்.

இனி முறை. பத்தடி நீளத்தில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய் ஒன்று வாங்கு. குழாய் நிறையத் தண்ணீர் பிடித்து, இரண்டு முனையையும் கட்டைவிரலால் அடைத்துக்கொள். ஒரு முனை தொட்டிக்குள், இன்னொன்று குளியலறைச் சாக்கடைக்குள். விரலை எடுத்தால் தண்ணீர் தானாக இறங்கும். மூன்றில் ஒரு பங்கு இறங்கியதும் மடக்கிப் பிடித்து எடுத்துவிடு. நிரப்பும்போது அதே குழாயைக் குளியலறைக் குழாயில் மாட்டித் திறந்தால் போதும். நான் கண்டுபிடித்த முறை இது. முதல் தடவை செய்து முடித்தபோது தரையில் ஒரு சொட்டு இல்லை. உன் அண்ணியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் நீ செய்யாதே. குழாய்த் தண்ணீரை நேராக விடாதே.

அப்பா முப்பது வருடம் குடிநீர் நிலையத்தில் வேலை பார்த்தவர். ஊரே குடிக்கும் தண்ணீரில் குளோரின் கலந்தவர். "மனுஷனுக்கு அது மருந்து, மீனுக்கு அது விஷம்டா" என்று நாம் சின்னவர்களாக இருக்கும்போதே எத்தனை தடவை சொல்லியிருக்கிறார். அதனால்தான் நீல டிரம்மில் ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்த தண்ணீரைத்தான் தொட்டியில் ஊற்றுவார். எனக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை.

போன வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் முழுதும் விழுந்து, பேச்சும் போனபோது, நீ நிறைமாதம். நான்தான் அழைத்து வந்தேன். ஹாலில் கட்டில், எதிரே தொட்டி, மூலையில் டிரம். படுத்தபடி மீன்களையே பார்த்துக்கொண்டிருப்பார். ஆறு தங்க மீன்கள். சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் முறுக்கிக்கொண்டு வந்து நிற்கும் குண்டு மீனுக்கு மாப்பிள்ளை என்று நீதானே பெயர் வைத்தாய். இடது கைக்கு எட்டும்படி ஒரு சின்ன மணி வைத்தேன். ஏதாவது வேண்டும் என்றால் அடிப்பார்.

இரண்டு மாதத்தில் டிரம்மின் அடி பட்ட இடத்தில் பலகையில் கறுப்பாக ஒரு வளையம் விழுந்துவிட்டது. டிரம்மைத் தூக்கி வெளியே போட்டேன். குளியலறையில் வைக்க இடமில்லை என்று உன் அண்ணியிடம் சொன்னேன். இடம் இருந்தது. அந்த டிரம்மைத் தினமும் சுற்றிக்கொண்டு போவது எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

முதல் ஞாயிறு குழாயைத் திறந்ததும் அப்பா மணியடித்தார். கையைக் காட்டினேன், இதோ வருகிறேன் என்று. நிறுத்தாமல் அடித்தார். சாயங்காலம் இரண்டு மீன்கள் மல்லாந்து மிதந்தன. மறுநாள் அவர் தூங்கும்போது அதே அளவில், அதே நிறத்தில் இரண்டு வாங்கி வந்து விட்டேன். விழித்தவர் வெகுநேரம் தொட்டியைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். அப்புறம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த வாரம்தான் உன்னிடம் போனில் சொன்னேன், அப்பா ஏனோ சரியாகச் சாப்பிடுவதில்லை என்று. ஏன் என்று எனக்குத் தெரியும்.

மீன் கடைக்காரர் ஒரு சொட்டு மருந்து பாட்டில் கொடுத்திருந்தார். குழாய்த் தண்ணீரில் நாலு சொட்டு விட்டால் குளோரின் முறிந்துவிடும், டிரம்மே வேண்டாம். வாங்கி அலமாரியில் வைத்தேன். அதைத் திறந்தால் அப்பா சொன்னது சரி என்று ஆகிவிடும். என் வீட்டில், என் முறையில், என்னிடம் என்ன குறை என்று ஒரு வீம்பு. வாய் பேச முடியாத மனிதரிடம் வீம்பு.

இரண்டாவது தடவையும் மணி. உன் அண்ணிதான், "அவர் என்னமோ சொல்ல வர்றாருங்க, கொஞ்சம் என்னன்னு கேளுங்களேன்" என்றாள்.

"டிரம் வேணுமாம். வேற என்ன" என்றேன்.

மூன்றாவது ஞாயிறு நடந்தது உனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். நான் குளித்துக்கொண்டிருந்தேன், வந்து பார்த்தால் அப்பா கீழே கிடந்தார் என்று சொன்னேன். நான் குளிக்கவில்லை.

பதினோரு மணிக்கு ஒருவர் தரை பார்க்க வருவதாக இருந்தது. பெரிய வீடு, மூன்று மாடி. தொட்டி பச்சையாகப் பாசி பிடித்துக் கிடந்ததால், இந்தத் தடவை முக்கால்வாசித் தண்ணீரையும் மாற்றிவிட நினைத்தேன். உன் அண்ணி வேலைக்குப் போயிருந்தாள். தொடங்கும் முன் மணியை எடுத்து அலமாரி மேல் வைத்தேன். அவர் பதற்றப்படக் கூடாது என்று டாக்டரே சொல்லியிருந்தார் அல்லவா. நான் மணியை எடுக்கும்போது அப்பா என் கையைப் பிடித்தார். இடது கையில் பலம் இருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு எடுத்தேன்.

பாதி நிரம்பியிருக்கும். நான் குளியலறையில் குழாயருகே நின்றேன். ஹாலில் தண்ணீர் கொட்டும் சத்தம். வந்து பார்த்தால் அவர் கட்டிலிலிருந்து இறங்கி, ஒரு கையால் தரையில் இழுத்து இழுத்து வந்து, தொட்டியிலிருந்து குழாயைப் பிடுங்கிப் போட்டிருந்தார். அது தரையில் கிடந்து தண்ணீரைக் கக்கிக்கொண்டிருந்தது. அவர் வலப்பக்கமாக, ஹாலின் நடுவில், முகத்தில் பாதி தரையில் பதியும்படி கிடந்தார்.

குழாயை மூடினேன். துண்டுகளை எடுத்தேன். வாசல் பக்கச் சுவரோரத்திலிருந்து ஆரம்பித்தேன்.

அவர் உயிரோடு இருந்தார். ஒரு கண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. இடது கை மணியடிப்பது போலப் பலகையில் தட்டிக்கொண்டிருந்தது. முதல் சுவரோரம் முடிக்கும்போது நன்றாகக் கேட்டது. இரண்டாவதில் விட்டுவிட்டுக் கேட்டது. மூன்றாவது சுவரை முடித்துத் துண்டைப் பிழிந்துகொண்டிருந்தபோது நின்றுவிட்டது. நின்றது எனக்குத் தெரிந்தது. நாலாவது சுவரோரத்தையும் துடைத்தேன்.

நடுவுக்கு வந்தபோதுதான் பார்த்தேன், அந்த இடத்தில் தரை கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது. இத்தனை வருடம் என் கண்ணில் படாத குறை. தண்ணீர் அங்கே வந்து தேங்கியிருந்தது, அப்பாவின் மூக்கு வரைக்கும். அவருக்குத் தலையைத் திருப்ப முடியாது. ஒரு விரலால் நான் திருப்பியிருக்கலாம்.

அவரைத் தூக்கிக் கட்டிலில் போட்டு, துவட்டி, உலர்ந்த சட்டை மாட்டினேன். பதினோரு மணிக்காரருக்குப் போன் செய்து இன்னொரு நாள் வரச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் டாக்டருக்குப் போன் செய்தேன். "ரெண்டாவது தடவை வந்தா தாங்காதுன்னு முன்னாடியே சொன்னேன்ல" என்று வந்து பார்த்தவர் என் தோளைத் தட்டினார். இரண்டாவது பக்கவாதம் என்றே எழுதிக் கொடுத்தார், வாங்கிக்கொண்டேன். நீ வந்து என்னைக் கட்டிக்கொண்டு, "உன்னால முடிஞ்சதெல்லாம் பண்ணிட்டண்ணா" என்று அழுதாய். கேட்பவர்களிடமெல்லாம் அதை நீ திரும்பத் திரும்பச் சொல்கிறாய். தயவு செய்து இனிச் சொல்லாதே.

ஐந்து மீன்கள் அன்றே செத்தன. மாப்பிள்ளை மட்டும் பிழைத்தது, தண்ணீர் பாதியில் நின்றதால். உன் வீட்டுக்கு வரப்போவது நான் வளர்த்த மீன் இல்லை, அப்பா காப்பாற்றிய மீன். சொட்டு மருந்து பாட்டிலைத் தொட்டியோடு கட்டி வைத்திருக்கிறேன். இன்னும் மூடி உடைக்கவில்லை.

அவசரத்தில் கை தானாகச் செய்துவிட்டது, பழக்க தோஷம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அது பொய். துண்டைப் பிழிந்து பிழிந்து நிதானமாகத்தான் துடைத்தேன். அப்பாவைக் கொன்றது நான். இந்தக் கடிதத்தை யாரிடம் வேண்டுமானாலும் காட்டு, தடுக்க மாட்டேன். காலையில் எழுந்ததும் அந்த இடத்தைத் துடைக்கிறேன், காய்ந்துதான் இருக்கிறது, இருந்தாலும் துடைக்கிறேன்.

தொட்டியை எடுக்க வரும்போது அப்பா விழுந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றாய். வா, காட்டுகிறேன். நீயே நடந்து பார். ஒரு பலகைகூட உப்பவில்லை.