பச்சையம்மாவுக்கு மயிரிழைக் கோடு

தலைமை தாங்குவதோடு என் தாமதத்தையும் தாங்கிக்கொண்ட தலைவர் அவர்களே! முன்வரிசையில் விசிறியோடு வீற்றிருக்கும் பெரியோர்களே! தட்டிக்கு அப்பால் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! மந்தைவெளி வாசகசாலை நண்பர்களே! வணக்கம்.

களைத்து வந்திருக்கிறேன். கதை எழுதிக் களைத்தேன். கதைக்காகச் சண்டையிட்டு அதைவிடக் களைத்தேன். யாரங்கே, "உரக்க" என்கிறீர்களா? ஐயா, மிச்சமிருக்கும் குரல் இவ்வளவுதான்.

இன்று நூலாகும் இந்தச் சித்திரக் கதை, நான் வேலை பார்த்த ஒரு வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. வசனம் என்னுடையது, சித்திரம் அஸ்மத்துன்னிசா அம்மையாருடையது. அந்நிய ஆடவர் முன் வராத கோஷா வீட்டுப் பெண்மணி. நான் அவரை நேரில் கண்டதில்லை. படங்களைக் கொண்டுவருபவர் அவர் தம்பி வலியுல்லா.

கதையில் வடிவேலு என்றொரு குமாஸ்தா. அவன் மனைவி பச்சையம்மா. இன்பமான இல்லறம் என்றே எழுதினேன். வந்த படங்களோ வேறு! வடிவேலுவுக்குப் பட்டையான தூரிகைக் கோடு. பச்சையம்மாவுக்கு மயிரிழைப் பேனாக் கோடு. ஒரே கூடம், நடுவே ஒரு தூண். அவன் இலையைப் பார்ப்பான். அவள் அடுப்பைப் பார்ப்பாள். இதுவா இல்லறம்? இதுவா இன்பம்? எனக்குக் கோபம் வந்தது.

"ரெண்டு பேரும் முகம் பார்த்துச் சிரிக்கிற மாதிரி போடச் சொல்லுங்கோ" என்றேன்.

வலியுல்லா போய்த் திரும்பினார், தயங்கினார். "அக்கா ஒண்ணு கேக்கச் சொல்லிச்சு சார். இத்தினி வாரமா அந்தப் பொண்ணு சோறு போட்டுக்கினே கீதே, நீ துன்னியான்னு அவன் ஒரு தபா கேட்டானா?"

பழைய இதழ்களைப் புரட்டினேன். கேட்கவில்லை! ஓரிடத்திலும் கேட்கவில்லை! நான் எழுதாமல் விட்டதை அவர் வரைந்திருந்தார்.

பத்திரிகை முதலாளிக்குப் பொறுக்கவில்லை. "இன்னாய்யா, எழவு வீடு மாதிரி கீது! வேற ஆள வச்சிப் போடு" என்றார். வேறொருவர் போட்டார். மினுமினுக்கும் கன்னம், மின்னல் சிரிப்பு! அந்த வாரம் வாசகர்கள் கேட்டது ஒன்றுதான்: "யார் இவர்கள்?"

வாதாடினேன்; முதலாளி அசையவில்லை. வேலையை விட்டேன். கதையைக் கையோடு கொண்டுவந்தேன். அம்மையாரிடம் மன்னிப்புக் கேட்டனுப்பினேன். இந்நூலுக்கென எழுதிய கடைசி அத்தியாயத்தில் வடிவேலுவைக் கேட்க வைத்தேன்: "நீ சாப்பிட்டியா?"

படம் வந்தது. தூண் இல்லை. அவன் கோடு மெலிந்திருந்தது. அவள் திரும்பியிருந்தாள், ஆனால் பாதி முகம்தான். மீதி எங்கே என்றேன். "ஒரு வார்த்தைக்கு அவ்ளோதான் சார் திரும்புவாளாம்" என்றார் வலியுல்லா.

அன்பர்களே! வாய் இனிக்க வசனம் யாரும் எழுதலாம். ஒரே வீட்டில் உறங்கி, ஒரே உலையில் உண்டு, எதிரெதிரே இருந்தும் எட்ட இருக்கும் இருவரை எந்த வசனம் காட்டும்? அம்மையாரின் கோடு காட்டியது!

அவர் பெயரை அந்தப் பத்திரிகை ஒரு வாரமும் அச்சிட்டதில்லை. இந்நூலின் அட்டையில் என் பெயருக்கு மேலே இருக்கிறது. அம்மையார் இதோ இச்சபையில், தாய்மார்களோடு அமர்ந்திருக்கிறார். எனக்கென வைத்திருக்கும் மாலையை அங்கே கொடுத்தனுப்புங்கள். கொஞ்சம் பலமாகக் கைதட்டுங்கள். அவர் காதில் விழ வேண்டும்.

காது கொடுத்த உங்கள் அனைவருக்கும் நன்றி. நான் உட்காருகிறேன். வணக்கம்.