சாயக் கலத்துக்குத் தண்ணீர் கேட்ட திம்மையா

பழுது பார்ப்பதைப் பதினேழு ஆண்டுகள் பழுதின்றிச் செய்த பண்பாளரே, ஆலையின் அத்தனை குழாய்களும் அறிந்த அன்பரே, எங்கள் ஃபோர்மன் திம்மையா அவர்களே, வணக்கம்.

தங்கள் பெருமையைத் தாங்கள் சொல்ல மாட்டீர்கள். ஆகவே இந்தப் பணி நிறைவு விழாவில் நாங்களே சொல்கிறோம்.

1973 சித்திரை. நூலுக்குச் சாயமேற்றும் நீராவிக் கலம் விரிசல் விட்டு, வெளியூர் ஆட்கள் வெல்டிங் வைத்துப் போயிருந்தார்கள். ஒட்டு தாங்குமா என்று அழுத்தம் ஏற்றிப் பார்க்க வேண்டும். கிணறுகள் வற்றிய நேரம். மேனேஜர் சௌந்தரபாண்டியன் ஐயா, "கம்ப்ரசர் இருக்குல்ல, காத்தை ஏத்திப் பாத்துருவோம்" என்றார்.

திம்மையா அவர்கள் வால்வில் கை வைக்கவில்லை. சுவருக்கு அந்தப்புறம் நாற்பது பெண்கள் நூல் சுற்றிக்கொண்டிருந்தார்கள். மேனேஜரை மறுத்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை. ஆனாலும் சொன்னார்:

"காத்து உள்ள அமுங்கிக் கெடக்கும் சார். ஒட்டு விட்டா ஒரே வீச்சுல விரிஞ்சு தகட்டைப் பிச்சு எறிஞ்சுரும். தண்ணி அமுங்காது, பீச்சிட்டு அதோட அடங்கிரும். பொடிக் கசிவு பாக்க, பொறகு லேசாக் காத்து ஏத்திச் சோப்புத் தண்ணி தடவுவோம். பலம் பாக்கத் தண்ணிதான்."

"தண்ணிக்கு எங்க போக?"

"நான் கொண்டாரேன்."

எம்.ரெட்டியபட்டியில் வற்றாதிருந்த தோட்டக் கிணறு ஒன்றில் கேட்டு வாங்கி, மறுநாள் வண்டி வண்டியாய்ப் பீப்பாய்கள் கொண்டுவந்தார். கலத்தை நிரப்பி, உள்ளிருந்த காற்றை வெளியேற்றி, எல்லாரையும் ஒதுங்கச் சொல்லிவிட்டுக் கைப்பம்பை அடித்தார். அழுத்தமானியின் முள் ஏறிக்கொண்டே போனது. பாதியில் ஒட்டு விட்டது. பீச்சிய தண்ணீர் மேனேஜரைத் தலை முதல் கால் வரை நனைத்தது. மறுகணமே முள் கீழே விழுந்தது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

"காத்தா இருந்திருந்தா?" என்றார் மேனேஜர், மெதுவாக.

திம்மையா அவர்கள் அந்தச் சுவரைப் பார்த்தார்.

நூல் சுற்றும் பிரிவிலிருந்து ஓடிவந்த சோலையம்மாள் நடந்ததை அறியாமல், "நாங்க குளிச்சு நாலு நாளாச்சு, மேனேஜர் சாருக்கு மட்டும் குளிப்பாட்டா?" என்று கேட்டார். முதலில் சிரித்தவர் மேனேஜர். பிறகு ஆலையே சிரித்தது. மறு வெல்டிங் வைத்தபோது வண்டியோடு போய்த் தண்ணீர் கொண்டுவந்தவரும் மேனேஜர்தான். இம்முறை ஒட்டு அசையவில்லை.

அந்த நாற்பது பேரும் இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள்; இதற்கு மேல் என்ன பாராட்டு எழுத?

இனி ஆலைச் சங்கு ஊதும்போது, திம்மையா அவர்களே, தாங்கள் மறுபக்கம் திரும்பிப் படுத்து நிம்மதியாய் உறங்குங்கள். துணைவியார் வெங்கடம்மாள் அம்மையாரோடு நோயின்றி, குறையின்றி, நெடுங்காலம் வாழுங்கள்.

அன்பில் நனைந்த
சாயப் பிரிவு, நூல் சுற்றும் பிரிவு, பழுதுபார்ப்புப் பிரிவுத் தோழர்கள்
அருப்புக்கோட்டை, 30.6.1978