லொரெய்ன் திரும்பி வந்த வியாழக்கிழமை

ஷட்டில் தெரு, பெல் வார்ஃப் இரண்டில் எது நல்ல தொடர் என்று யாராவது கேட்டால் நான் யோசிக்கவே மாட்டேன். ஷட்டில் தெருதான். அது முதன்முதலில் ஒளிபரப்பானபோது எனக்குப் பத்தொன்பது வயது. நூற்பாலையிலிருந்து தலையெல்லாம் பஞ்சோடு ஓடிவந்து பார்த்தேன். அதற்குப் பிறகு தவறவிட்டது மூன்றே மூன்று அத்தியாயம். ஒன்று, அம்மாவை அடக்கம் செய்த அன்று. மற்ற இரண்டும், வயிற்றில் இருந்தது தங்காமல் போய் நான் ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம்.

நீங்கள் சின்னப் பெண், சார்ஜென்ட் ஃபாரோ. இதெல்லாம் பார்ப்பீர்களோ என்னவோ. வித்தியாசத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. ஷட்டில் தெருவில் எங்களைப் போன்ற ஜனங்கள் இருக்கிறார்கள். கடை வரிசையில் நின்று ஒருவரையொருவர் வாருவார்கள். சாவு வீட்டில்கூட யாராவது ஒருத்தி சிரிக்க வைத்துவிடுவாள். பெல் வார்ஃப் லண்டன்காரர்களுடையது. அங்கே யாரும் சிரிக்க மாட்டார்கள். கத்துவார்கள், கதவை அறைவார்கள், கிறிஸ்துமஸ் தவறாமல் ஒருவர் சாவார். முக்கியமான வித்தியாசம் இன்னொன்று. எங்கள் தொடரில் பெண்டாட்டியை ஏமாற்றுகிறவன் அதிகம் போனால் மூன்று மாதத்தில் மாட்டிக்கொள்வான். பெல் வார்ஃபில் அது வருஷக்கணக்கில் போகும்.

என் கணவர் வில்ஃப் இரண்டையும் பார்க்க மாட்டார். அப்படித்தான் சொல்லியிருந்தார். பர்ன்லி பஸ் டிப்போவில் ஓட்டுநர். திங்கள், புதன், வெள்ளி ஏழரைக்கு நான் உட்கார்ந்தால் செய்தித்தாளோடு சமையலறைக்குப் போய்விடுவார். "ஏ எனிட், இன்னைக்கு யார் வீட்டு நாய்க்குச் சளி?" என்று அங்கிருந்தே கேட்பார். செவ்வாயும் வியாழனும் புல்தரையில் பந்து உருட்டி விளையாடும் கிளப்பில் கமிட்டிக் கூட்டம். இருபது வருஷமாக. அந்தக் கிளப்புக்கு அவ்வளவு கூட்டம் எதற்கு என்று நான் கேட்டதில்லை.

போன அக்டோபரில் பக்கவாதம் வந்து அவருக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சில் இரண்டு வார்த்தைதான் மிஞ்சியது. ஒன்று 'ஆமா', இன்னொன்று 'சனியனே'. அவரைக் குளிப்பாட்டினேன், ஊட்டினேன், தூக்கி உட்காரவைத்தேன். காலையில் உதவிக்கு வரும் ஜோவான், "உங்கள மாதிரி தங்கமான மனுஷிய நான் பாத்ததே இல்ல" என்பாள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை, அடுப்பில் வேகவைக்கும் மீன் தட்டுக்கு மேலே பரப்ப உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்ததால் டிவியை அணைக்கவில்லை. பெல் வார்ஃப் தொடங்கிவிட்டது. நான் சமையலறை வாசலுக்கு வந்தபோது திரையில் மழை. சிவப்புக் கோட்டுப் போட்ட ஒருத்தி பெட்டியோடு நடந்துபோகிறாள். முதுகுதான் தெரிகிறது.

வில்ஃப் தெளிவாகச் சொன்னார். "லொரெய்ன்."

நான்கு மாதத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் புது வார்த்தை. அவள் மதுக்கடைக் கதவைத் திறந்தாள். உள்ளே இருந்தவர்கள் "லொரெய்ன்! பதினஞ்சு வருஷமாச்சேடி!" என்று கத்தினார்கள். வில்ஃப் அழுதுகொண்டிருந்தார். அவர் கன்னத்தைத் துடைத்துவிட்டு மீன் தட்டை அடுப்பில் வைத்தேன். பதினைந்து வருஷம் முந்தைய ஒருத்தியை முதுகை வைத்தே அடையாளம் கண்டுபிடிக்கிறவர் அவளை எங்கே உட்கார்ந்து பார்த்தார் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் தெரிந்தது. டிப்போ கேன்டீனில் இருந்தவளாம், க்ளெனிஸ் என்று பெயர், இஞ்சிக் கேக்கோடு வந்தாள். அவளைப் பார்த்ததும் அவர் பாதி முகம் மலர்ந்தது.

"என்னடா வில்ஃப், இப்படி ஆயிட்ட?" என்று அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "நம்ம லொரெய்ன் வந்துட்டா, பாத்தியா? அவ திரும்பி வருவான்னு அன்னைக்கே சொன்னேன்ல? சோபாவுல உக்காந்து நீதான் இல்லவே இல்லன்ன."

சொன்ன பிறகுதான் என்னைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"கேன்டீன்ல... சாப்பாட்டு நேரத்துல பேசிக்குவோம்" என்றாள்.

"அதனால என்ன? பேச ஏதாவது வேணும்ல" என்றேன். "இன்னொரு கப் டீ போடட்டுமா?"

நான் சண்டை போடவில்லை. சண்டை பெல் வார்ஃப் வழக்கம். அவள் மறுபடி வந்தபோது, "உங்களப் பாத்தா அவருக்குப் படபடப்பு வருது, டாக்டர் வேணாங்கிறார்" என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினேன். அவருக்குச் சவரம் செய்துவிடும்போது, "க்ளெனிஸ் சவுத்போர்ட்டுக்குப் போயிட்டாளாம், யாரோ ஒருத்தனோட" என்றேன். கத்தி கழுத்தில் இருந்ததால் அவர் அசையவில்லை.

செவ்வாயும் வியாழனும் ஏழு இருபத்தைந்துக்கு அவர் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைப்பேன். பெல் வார்ஃபை நானே போட்டுவிடுவேன். காதால் கேட்பதை நான் தடுக்கவில்லை, தடுத்தால் அது கொடுமை. முடிந்ததும் யார் முகம் எப்படிப் போனது என்று ஒன்றுவிடாமல் சொல்வேன். கொஞ்சம் மாற்றிச் சொல்வேன். ஒருமுறை லொரெய்ன் கார் மோதிச் செத்துவிட்டாள் என்றேன். மறுவாரம் அவள் குரல் கேட்டதும் அவர் தோள்கள் குலுங்கின. அந்தக் கண்ணீரையும் துடைத்துவிட்டேன்.

மே மாதம் அந்தச் செவ்வாய்க்கிழமை தொடர் ஆரம்பித்ததுமே அவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. நாற்காலியை என் பக்கம் திருப்பி, எதிரே உட்கார்ந்தேன். நன்றாக இருந்த இடது பக்கமும் தொங்கியிருந்தது. கண் மட்டும் என் மடியைப் பார்த்தது. தொலைபேசி அங்கேதான் இருந்தது.

எட்டு மணி மூன்று நிமிஷத்துக்குத்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். பச்சைச் சீருடையில் ஒரு பெண் வந்து மண்டியிட்டாள். "எப்பம்மா ஆரம்பிச்சுது?" என்றாள்.

"லொரெய்ன் மோதிரத்தக் கழட்டி மேசையில வச்சப்போ" என்றேன். பொய் சொல்லத் தோன்றவில்லை.

அவள் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. "அது ஏழரைக்கு, முதல் சீன்லயே வந்துச்சே. கிளம்புறதுக்கு முன்னாடி ஆம்புலன்ஸ் ஸ்டேஷன்ல நானும் பாத்துட்டிருந்தேன்."

அதனால்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள். மறுநாள் மதியம் அவர் போய்விட்டார். அரைமணி நேரம் முன்னால் கூப்பிட்டிருந்தால் பிழைத்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். அது எனக்கு அப்போதே தெரியும். பதறிப்போய் மறந்துவிட்டாள் என்று எழுதாதீர்கள். நான் எதையும் மறப்பவள் இல்லை.

இன்னொன்றும் எழுதிக்கொள்ளுங்கள். நடுவில் அவர், "எனி..." என்று ஆரம்பித்தார். அக்டோபரிலிருந்து என் பெயரை அவர் சொன்னதே இல்லை. நான் டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவைத்தேன்.

என்னைப் பற்றி அந்த க்ளெனிஸ் என்ன சொல்லியிருந்தாலும் சரி, அவர் தனியாகக் கிடந்தார் என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. நாற்காலியைப் பக்கத்தில் இழுத்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இருவரும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். கல்யாணமாகி நாற்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக, ஒரு முழு அத்தியாயத்தையும் நடுவில் எழுந்து போகாமல் அவர் என்னோடு உட்கார்ந்து பார்த்தார்.