கழுவினா வருவ

உச்சி வெயில். பழையகாயல் தாண்டி, உப்பளத்துக்கு நடுவே போகிற ரோடு. பேய்க்கு இருட்டுதான் வேணும்னு நம்புகிறவங்க தைரியமா அந்த ஓரத்தில் உட்காரலாம்... நம்ம பக்கத்துல அது உருமத்துலயும், நட்டநடுப் பகல்லயும் வேலை பார்க்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தஞ்சு, எழுபத்தாறு இருக்கும். ஹார்பர்ல என்னோட வேலை பார்த்த தாணுலிங்கத்தின் மச்சினன் வீரபாகு, ஆத்தூரிலிருந்து தூத்துக்குடிக்குச் சைக்கிளில் வந்துகொண்டிருந்தான். கழுத்தில் பெட்டிக் கேமரா. அது கைக்கு வந்த நாளிலிருந்து அவன் படம் பிடிக்காதது தன் முதுகை மட்டும்தான். தோணி, கப்பல், வெற்றிலைக் கொடிக்கால், டீ ஆத்துகிற கை... பிலிமில் ஒரே ஒரு படம் மிச்சம். அது தங்கச்சி அருணாசலவடிவுக்கு. பம்பாய் மாப்பிள்ளையின் மாமா அன்று ராத்திரி ரயில் ஏறுகிறார். அவர் கையில் அவள் படம் போகாவிட்டால், சம்பந்தம் அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

வெயில்னா வெயில், காக்காய் பறந்தால் நிழல் ரோட்டிலேயே ஒட்டிக்கொள்ளும். காற்று சட்டென்று நின்றது. சைக்கிள் செயின் மட்டும்... கிறீச்... கிறீச்... அப்புறம் ஒரு வாடை. பல நாள் தண்ணீரில் ஊறின சேலை வாடை.

உப்புக் குவியல் பக்கத்தில் ஒருத்தி நின்றாள். முழங்கால்வரை ஈரம். கை ரெண்டும் உப்பு தின்று வெடித்திருந்தது.

"என்னையும் ஒரு படம் புடிங்க, அண்ணாச்சி."

மாட்டேன் என்றால் வழிவிட மாட்டாள் போலிருந்தது. பிள்ளைகளை ஏய்க்கிற வித்தையைச் செய்தான் வீரபாகு. லென்சை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு அமுக்கினான். டிக். வெளிச்சம் உள்ளே போகாது. சாவியைத் திருகாவிட்டால் பிலிமும் நகராது. தங்கச்சியின் படம் பத்திரம்.

"நான் வருவனா, அண்ணாச்சி?"

"கழுவினா வருவ," என்று சிரித்துவிட்டுப் பெடலை மிதித்தான்.

உருமத்துல, ஆளில்லாத இடத்துல, யாருன்னே தெரியாதவகிட்ட 'வருவ'ன்னு வாயை விடலாமா? திரும்பிப் பார்த்தான். குவியல் மட்டும் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் தங்கச்சியைக் கிணற்றடி வெளிச்சத்தில் நிறுத்தி, அந்த ஒரு படத்தையும் எடுத்தான். "கண்ண மூடிட்டனோ, அண்ணே?" என்றாள் அவள். பேசத் தெரிந்த நாளிலிருந்து அவளுக்கு அவன் 'அண்ணே'தான். அண்ணாச்சி என்பதெல்லாம் கடைக்காரருக்கு.

அடுத்த தெருவில் காசிலிங்கத்தின் ஸ்டுடியோ. பிலிமைக் கழுவி, ஈரம் காயக்கூட விடாமல் பிரிண்ட் போட்டார். இருட்டறை, சிவப்பு பல்பு, மருந்துத் தண்ணீரில் தாள். முதலில் சேலைக் கரை வந்தது. தோளில் கிடந்த கனகாம்பரம் வந்தது. முகம்... வரவில்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில், பின்னாலிருந்து வந்து பொத்தின ஒரு கை.

"உன் கைதாம்லே குறுக்க விழுந்திருக்கு," என்றார் காசிலிங்கம்.

வீரபாகு தன் கையைச் சிவப்பு வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தான். பேனா பிடித்த வழவழப்பான கை. தாளில் இருந்தது வெடித்த கை.

சைக்கிளைக்கூட எடுக்காமல் வீட்டுக்கு ஓடினான். கிணற்றடியில் தங்கச்சி முகத்தைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முழங்கால்வரை ஈரம். சுற்றிலும் தரை காய்ந்து வெள்ளையாய்ப் பூத்திருந்தது. அந்த வாடை...

காலடிச் சத்தம் கேட்டதும், கையை எடுக்காமலே கேட்டாள்.

"நான் வந்துட்டனா, அண்ணாச்சி?"