நிறுத்துவதற்கு என்ன விலை

செம்மேட்டிலிருந்து மலை இறங்கும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் மிளகு வாங்கி விற்கும் ஓர் அம்மாளும், மடியில் லேப்டாப் பையோடு ஓர் இளைஞரும் இருந்தார்கள். அந்த அம்மாள் கேட்ட கேள்வியில்தான் நான் ஜன்னலிலிருந்து திரும்பினேன்.

"தம்பி, நீங்க எழுதிக் குடுத்த புரோகிராமை நிப்பாட்டறதுக்கு எவ்வளவுங்க ஆகும்?"

"ஏனுங்க அக்கா, மெசேஜ் சரியாப் போறதில்லீங்களா?"

"அதெல்லாம் கரெக்டாப் போகுதுங்க. காலையில ஆறு மணிக்கு, எனக்கு மொளகு போடற நாப்பது ஊட்டுக்கும் மொளகு வெல தானாப் போயிருது."

"அதுக்குத்தானுங்களே கேட்டீங்க? தெனம் ரெண்டு மணி நேரம் மிச்சமாகும்னு சொல்லித்தான் பதினஞ்சாயிரம் வாங்குனேன்."

"மிச்சந்தானுங்க. முன்னால ஒவ்வொரு ஊட்டுக்கும் நானே போன் போடுவேன். வெலய ஒரு வார்த்தையில சொல்லிப்போட்டு, மாடு கன்னு போட்டுச்சா, புள்ளைக்குக் காய்ச்சல் உட்டுச்சான்னு பேசிக்கிட்டிருப்போம். இப்ப மத்தியானம் வரைக்கும் நான் வாயே தொறக்கறதில்லீங்க."

கொண்டை ஊசி வளைவில் சரிந்த பையை இளைஞர் இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நிப்பாட்டறதுக்குக் காசு வேண்டாங்க அக்கா. நீங்க போன் போடறப்ப என் நம்பரையும் சேத்துக்குங்க."

"உங்ககிட்ட ஏதுங்க தம்பி மொளகு?"

"இல்லீங்க. நானும் நாள் பூரா ஊட்டுக்குள்ள கம்ப்யூட்டர்கூடத்தானுங்க. சும்மா வெல மட்டும் சொல்லுங்க, போதும்."