ஏரிக்கரைச் சாட்சி

தாம்பரத்தில் மின்சார ரயில் கிளம்பியது. சர்ச் யூத் ஃபெலோஷிப் டி-ஷர்ட் போட்ட இரண்டு பெண்கள் என் எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

"ரிட்ரீட் கூட்டத்துல நாம செஞ்ச நல்ல காரியம்னு என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிடாதீங்கக்கா. அந்த ஏரிக்கரையை நாம சுத்தம் பண்ணியிருக்கவே கூடாது," என்றாள் சின்னவள்.

"நல்லதுன்னு நினைச்சுத்தானே செஞ்சோம்," என்றாள் மற்றவள்.

"குப்பையை எடுத்தப்புறம்தான் அங்க வீடுங்க இருக்கிறது ஆபீசருங்க கண்ணுல பட்டுச்சு. ஆக்கிரமிப்புன்னு எல்லாத்தையும் இடிச்சுட்டாங்க. நமக்கு டீ போட்டுக் கொடுத்த செல்வி அக்கா வீடும் போச்சு."

"அவங்களைப் பார்த்தியா?"

"நேத்து பார்த்தேன். ரோட்டோரம் பாத்திரத்தோட உட்கார்ந்திருந்தாங்க. மன்னிச்சிடுங்கன்னு சொன்னேன்."

"திட்டினாங்களா?"

"இல்லக்கா. 'அடுத்து எந்த ஏரியைச் சுத்தம் பண்ணப் போறீங்க, சொல்லும்மா. அந்தப் பக்கம் வூடு பாக்காம இருந்துக்குறோம்'னாங்க."