விண்ணப்பத்தின் ஐந்தாம் பகுதி

டூத் பிரஷ்ஷை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் மாற்றுவதில்லை. நான் வேலை பார்த்த முதியோர் இல்லத்தில் முப்பத்தெட்டுப் பேர் இருந்தார்கள். ஒரு நாள் சும்மா எண்ணிப் பார்த்தேன், இருபத்தோரு பிரஷ்கள்தான் இருந்தன. அவற்றிலும் பாதி காய்ந்து விறைத்துக் கிடந்தன. என்னைப் பற்றி நீங்கள் முடிவுசெய்வதற்கு முன்னால் அந்த இடத்தைப் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் இதை முதலில் சொல்கிறேன்.

என் பெயர் மார்லிஸ் காங்கஸ். வயது முப்பத்துநான்கு. அந்த இல்லத்தில் பதினோரு வருடம் உதவியாளாக இருந்தேன். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, ஊட்டுவது, படுக்கையில் புரட்டிவிடுவது எல்லாம் என் வேலை. ஒரு புகார்கூட என்மேல் வந்ததில்லை. சிறுவயதில் ஏதாவது நடந்ததா என்று கேட்டீர்கள். ஒன்றும் நடக்கவில்லை. அப்பா சுரங்கத்தில் இருந்தார், அம்மா பள்ளிக்கூடச் சமையலறையில். சனிக்கிழமை நீராவிக் குளியல், ஞாயிற்றுக்கிழமை தேவாலயம். என் பற்களும் நன்றாகவே இருக்கின்றன.

அந்தப் பற்களைச் சுத்தம் செய்துகொள்ளப் போன இடத்தில்தான் இது ஆரம்பித்தது. சுத்தம் செய்த பெண் சக்கரம் வைத்த முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். யாரையும் தூக்கவில்லை. வருகிறவர்கள் தாங்களாகவே படுத்து வாயைத் திறந்தார்கள். நாலு மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு அவள் கோட்டை மாட்டிக்கொண்டு போனாள். நான் வண்டி நிறுத்துமிடத்தில் பனியில் நின்று அவள் போவதைப் பார்த்தேன். அன்றிலிருந்து என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. சாப்பிடும்போது எழுந்து நடப்பேன். தேவாலயத்தில் பாட்டு முடிவதற்குள் வெளியே வந்துவிடுவேன்.

அந்த வேலைக்கான பல் சுகாதாரப் படிப்புக்கு எங்கள் பக்கத்தில் ஒரே கல்லூரி. பதினெட்டு இடம். நூற்றைம்பது பேருக்கு மேல் விண்ணப்பிக்கிறார்கள். விண்ணப்பக் கோப்பில் ஐந்து பகுதிகள். மதிப்பெண்கள், பல் மருத்துவரோடு கூடவே நின்று பார்த்த மணிநேரங்கள், சிபாரிசுக் கடிதங்கள், கைத்திறன், கடைசியாக நாமே செய்த ஒரு திட்டப்பணி. கைத்திறனுக்குச் சாக்பீஸைப் பல் வடிவத்தில் செதுக்க வேண்டும். இரண்டு வருடம் மதிய இடைவேளைகளில் செதுக்கினேன். என்னோடு வேலை பார்த்த பெத் ஆன் கேலி செய்வாள்.

“என் காபி பூரா சாக்பீஸ் தூளு. ஏண்டி, நீ பல்லு செய்யறியா, பல்பொடி செய்யறியா?”

முதல் வருடம் இடம் கிடைக்கவில்லை. இரண்டாம் வருடமும் இல்லை. சேர்க்கைப் பிரிவில் இருந்த திருமதி டிராஸ்க்கைப் போய்ப் பார்த்தேன். அவர் என் கோப்பைப் புரட்டினார். கெட்ட மனுஷி இல்லை.

“மார்லிஸ், உங்க மார்க்கப் பத்தி ஒண்ணும் சொல்றதுக்கில்ல. கடிதமெல்லாம் அருமை. அஞ்சாவது பகுதிலதான் அடிவாங்குது.”

“பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களுக்குப் பல் தேய்க்கச் சொல்லிக்குடுத்தேன், மேடம். படத்தோட வெச்சிருக்கேன்.”

“எல்லாரும் அதத்தான் வெக்கிறாங்க. நீங்க பாத்து, அளந்து, இதுக்கு முன்னாடி இப்படி, அப்புறம் இப்படின்னு காட்டணும். கோப்பப் புரட்டறப்ப கமிட்டிக்காரங்க அந்தப் பக்கத்துல நின்னு பாக்கணும்.”

அந்தப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்றுதான் நான் வேலை செய்தேன். நின்று பார்த்தார்கள் என்பதை நீங்களும் மறுக்க மாட்டீர்கள்.

பதினான்காம் எண் அறையில் இரண்டு பேர் இருந்தார்கள். ஜன்னல் பக்கம் வால்டர் பிரையர், எண்பத்தொரு வயது. நினைவு தப்பித் தப்பி வரும், வாய் மட்டும் ஓயாது. கதவுப் பக்கம் ரெய்னோ மட்டிலா, எழுபத்தாறு வயது. நாற்பது வருடம் மரம் ஏற்றும் லாரி ஓட்டியவர். பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. சொல்வதெல்லாம் புரியும், பதில்தான் வராது. இருவருக்கும் சொந்தப் பற்கள். ஒரே அறை, ஒரே சாப்பாடு. இதைவிட நல்ல ஒப்பீடு கிடைக்காது.

ஒருவருக்குத் தினமும் இரண்டு வேளை முறையாகத் தேய்த்துவிடுவது. இன்னொருவருக்கு வழக்கமான கவனிப்பு. அந்த இல்லத்தில் வழக்கமான கவனிப்பு என்பது பதிவேட்டில் டிக் போடுவதுதான். நான் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. மற்றவர்கள் அரைகுறையாகச் செய்ததை நான் ஒழுங்காகச் செய்தேன், அவ்வளவுதான்.

யாருக்கு எது என்று நான் தேர்ந்தெடுக்கவில்லை. நாணயம் சுண்டினேன். ரெய்னோவுக்குத் தேய்க்க வேண்டும் என்று விழுந்தது. வால்டர் வாய் ஓயாதவர் என்பதால் மறுபடி சுண்டினேன். மூன்றாம் தடவை சரியாக விழுந்தது.

படம் எடுக்க ரெய்னோவின் மகள் அர்லாவிடம் கையெழுத்து வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் வருவாள். ஏலக்காய் ரொட்டி சுட்டுக் கொண்டுவந்து, பாலில் நனைத்து, அப்பாவுக்கு ஊட்டுவாள்.

“அப்பா படம் காலேஜுக்குப் போகுதா? பாத்தீங்களாப்பா, இந்த வயசுல காலேஜ்” என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.

அக்டோபரில் ஆரம்பித்தேன். மூன்று வாரம் கழித்து, இரண்டு நாள் விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் ரெய்னோவின் பற்கள் பளிச்சென்று இருந்தன. பெத் ஆன் தேய்த்துவிட்டிருக்கிறாள். வேறு எந்த நாளிலும் செய்யாதவள் அன்று பார்த்துச் செய்திருக்கிறாள். என் வாழ்க்கையில் யார் மேலும் எனக்கு அவ்வளவு கோபம் வந்ததில்லை. மூன்று வாரம் வீண். நவம்பர் முதல் வாரத்தில் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தேன். ரெய்னோவின் பிரஷ்ஷை என் பையில் வைத்துக்கொண்டேன். பதினான்காம் அறையை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி விடுமுறை நாட்களிலும் வந்தேன்.

“லீவு நாள்லயும் வந்து கெழவனுங்க வாயைத் தேய்க்கிற. உனக்கென்ன செலை வெக்கப்போறாங்களா?” என்றாள் பெத் ஆன்.

“காலேஜ் வேலை” என்றேன்.

“எனக்கென்ன போச்சு. ரெண்டு பேரு கொறஞ்சா எனக்கு நல்லதுதான்.”

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் படம். ஜன்னல் வெளிச்சம் அப்போதுதான் சரியாக விழும். மற்ற ஆறு நாளும் செவ்வாய்க்காகக் காத்திருப்பதாகவே இருந்தது. வீட்டில் நடந்துகொண்டே இருப்பேன். படங்களை மேஜைமேல் வரிசையாகப் பரப்புவேன், அடுக்குவேன், மறுபடி பரப்புவேன். ஆறாம் வாரம்வரை வித்தியாசம் பெரிதாக இல்லை. அது என்னை அரித்தது. மனித வாய் நாம் நினைப்பதைவிட உறுதியானது.

ரெய்னோவுக்கு வலது கன்னத்தில் உணர்ச்சி இல்லை. ஊட்டும் சாப்பாடு அங்கே போய் ஒதுங்கிக்கொள்ளும். சாப்பாடு முடிந்ததும் விரலில் துணி சுற்றி அதை வழித்து எடுக்க வேண்டும். அதை எடுப்பதை நிறுத்தினேன். அர்லாவின் ரொட்டி ஞாயிற்றுக்கிழமை உள்ளே போனால் புதன்கிழமைவரை இருக்கும். அதன் பிறகு ஈறு வேகமாகச் சிவந்தது. பத்தாம் வாரம் தொட்டாலே ரத்தம். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அர்லா வருவதற்கு முன் புதினாத் தண்ணீரில் பஞ்சை நனைத்து அவர் உதட்டைத் துடைத்துவிடுவேன். உதட்டை மட்டும்.

வால்டருக்குப் புரிந்துவிட்டது. இதை நான் எதிர்பார்க்கவில்லை.

“ஏம்மா, எனக்கு மட்டும் தெனம் கல்யாணமா? இந்தத் தேய் தேய்க்கிற. அவனுக்கு எப்போ?”

“அவருக்கு அப்புறம், வால்டர்.”

“அப்புறம் அப்புறம்னு எத்தன நாளு? அவன் வாயி செத்த எலி மாதிரி நாறுது. நான் தூங்கவேணாமா?”

அவர் இதைத் தலைமை நர்ஸ் ஜோலீனிடமும் சொன்னார். ஜோலீன் பதிவேட்டை எடுத்துப் பார்த்தாள். எல்லா நாளும் டிக் இருந்தது. என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

“நேத்து ஜன்னல்ல கரடி நிக்குதுன்னார். நீ மனசுல வெச்சுக்காத, மார்லிஸ்.”

ரெய்னோவைப் பற்றிக் கேட்டீர்கள். அவர் எதிர்ப்புக் காட்டினாரா என்று. முதலில் வால்டருக்குத் தேய்க்கும்போது பார்த்துக்கொண்டே இருப்பார். பிறகு தன் இடது கையைத் தூக்கிக் காட்ட ஆரம்பித்தார். ஒரு தடவை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். லாரி ஓட்டிய கை, பிடி இன்னும் இருந்தது. விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். வலிக்காமல்தான் எடுத்தேன்.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அர்லா ரொட்டியை நீட்டியபோது அவர் வாயை மூடிக்கொண்டார். இடது கையை வாய்க்கு முன்னால் வைத்து இப்படியும் அப்படியும் அசைத்துக் காட்டினார். மறுபடி மறுபடி.

“என்னப்பா? என்ன வேணும்? ஷேவ் பண்ணணுமா?” அவர் இல்லை என்று தலையசைத்தார். கை நிற்கவில்லை. அர்லாவின் முகம் சட்டென்று மலர்ந்தது. “மவுத் ஆர்கனா? அதத்தான் கேக்கறீங்களாப்பா?” என்னிடம் திரும்பினாள். “லாரில போறப்ப வாசிச்சுக்கிட்டே போவார். வாசிக்கணும்னு தோணுதுபோல. என்ன மார்லிஸ், அதத்தான் சொல்றாரா?”

நான் வால்டரின் போர்வையை மடித்துக்கொண்டிருந்தேன்.

“ஆமா, அதத்தான் சொல்றார்” என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் அதைத் தேடி எடுத்து, துடைத்து, கொண்டுவந்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். ரெய்னோ அதைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். மெல்ல அதைப் போர்வைமேல் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். வாசிக்க முடியாத வருத்தம் என்று நினைத்து அர்லா அழுதாள். நான் காகிதக் கைக்குட்டை கொண்டுவந்து கொடுத்தேன். அதன் பிறகு அவர் கையை அசைக்கவில்லை. வேலை சுலபமானது.

பிப்ரவரியில் அவருக்கு இருமல் வந்தது. மருத்துவமனையில் நிமோனியா என்றார்கள். இரண்டு நாள்தான் இருந்தார். அவரைச் சேர்த்துக்கொண்ட நர்ஸ் வாயைத் திறந்து பார்த்துவிட்டு எங்கள் இல்லத்துக்குத் தொலைபேசி செய்திருக்கிறார். ஜோலீன் பதிவேட்டைப் பார்த்து, தினமும் தேய்க்கப்பட்டிருக்கிறது என்று பதில் சொல்லியிருக்கிறாள். அடக்கத்துக்குப் போயிருந்தேன். அர்லா என்னைக் கட்டிக்கொண்டாள்.

“கடைசிவரைக்கும் நீங்கதான் பாத்துக்கிட்டீங்க. லீவுலகூட வந்தீங்கன்னு சொன்னாங்க.”

“என்னால முடிஞ்சத செஞ்சேன்” என்றேன். அந்த இடத்தில் எல்லோரும் சொல்வதுதான்.

விண்ணப்பத்துக்கு மார்ச் முதல் தேதி கடைசி நாள். திட்டப்பணிக்கு நீல அட்டை போட்டேன். இடப்பக்கம் வால்டர், வலப்பக்கம் ரெய்னோ, வாரம் வாரியாக. தேதிகளை மாற்றவில்லை. தேய்க்காமல் விட்ட நாட்களை மறைக்கவுமில்லை. ஆய்வு என்றால் உண்மையாக இருக்க வேண்டும். பொய் எழுத நினைத்திருந்தால் இன்று உங்கள் கையில் ஒன்றுமே இருந்திருக்காது. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

பத்து நாளில் நேர்காணலுக்குக் கடிதம் வந்தது. மூன்று வருடத்தில் முதல் தடவை. சாம்பல் நிறக் கோட்டை இரண்டு தடவை இஸ்திரி போட்டேன். ஒரு மணிநேரம் முன்னதாகவே போய், தாழ்வாரத்தில் நடந்துகொண்டிருந்தேன். உள்ளே திருமதி டிராஸ்க் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பக்கத்தில் நீங்கள் இருந்தீர்கள். போலீஸ் என்று தெரியாது, உங்களைக் கமிட்டி உறுப்பினர் என்றுதான் நினைத்தேன். அதனால்தான் நீங்கள் முதலில் கேட்ட கேள்விகளுக்கு அவ்வளவு விரிவாகப் பதில் சொன்னேன்.

ஆபத்து தெரியுமா என்று இப்போது மூன்றாம் தடவையாகக் கேட்கிறீர்கள். தெரியும். ஒன்பதாம் பக்கத்தில் நான் படித்த மருத்துவக் கட்டுரைகளின் பட்டியல் இருக்கிறது. சரியாக விழுங்க முடியாதவரின் வாயைச் சுத்தம் செய்யாவிட்டால் கிருமிகள் நெஞ்சுக்குள் இறங்கும், ஆளைக் கொல்லும் என்று அவற்றில் இரண்டு சொல்கின்றன. முதல் படத்தை எடுப்பதற்கு முன்பே படித்துவிட்டேன். தயாரிப்பு இல்லாமல் எதையும் ஆரம்பிப்பது என் வழக்கமில்லை.

காய்ச்சலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பதிவேட்டை வைத்து எப்படியும் கண்டுபிடிப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை அர்லா போன பிறகு பார்த்தபோதே அவருக்கு நூற்றிரண்டு டிகிரி இருந்தது. மூச்சு கரகரவென்று இழுத்தது. நான் தொண்ணூற்றொன்பது என்று எழுதினேன். திங்கட்கிழமையும் அப்படியே எழுதினேன். செவ்வாய் பத்து மணிக்குப் பதினைந்தாவது படத்தை எடுத்துவிட்டுப் பத்தேகாலுக்கு ஜோலீனைக் கூப்பிட்டேன். வியாழக்கிழமை அவர் இறந்துபோனார்.

திட்டப்பணி குறைந்தது பதினாறு வாரம் நடந்திருக்க வேண்டும் என்று விதிமுறையில் இருக்கிறது. ரெய்னோவின் பக்கத்தில் பதினாறாவது கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. என் தரப்பில் கவனக்குறைவு எதுவும் இல்லாததால் அதற்காக மதிப்பெண் குறைக்க வேண்டாம் என்று அடிக்குறிப்பு எழுதியிருக்கிறேன். முடிவெடுப்பதற்கு முன்னால் கமிட்டி அதைப் படித்ததா என்பதை மட்டும் யாராவது எனக்குக் கேட்டுச் சொல்லுங்கள்.